பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

2025, ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கே முப்பத்தாறு பாகை வெப்பம், காற்று அசையவில்லை, நைல் பக்கத்து வானம் புழுதியால் வெளுத்திருந்தது.

நைல் கரையில் டொக்கிப் பகுதியில் உள்ள ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு அது முப்பதாவது நாள், இறுதி நாள். முப்பது நாள் பயிற்சி பெற்றதாகத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழ் இல்லையேல், கல்லூரி எனக்கு இவ்வாண்டு பட்டம் தராது. சான்றிதழ் தட்டச்சாகி அவர் மேசைமீதே கிடந்தது; கையொப்பம் மட்டும் இல்லை. சென்ற கோடையில் ஒரு மாணவர், தலைவரின் வரைபடத்தில் இருந்த பிழையைப் பலர் முன்னிலையில் சுட்டிக்காட்டினாராம். அவருக்கு அக்கையொப்பம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பொறியாளர்கள் ஒருவரையொருவர் ‘பாஷ்முஹந்திஸ்’, அதாவது தலைமைப் பொறியாளர், என்றே அழைப்பர். மாணவியாகிய எனக்கும் முதல் நாளே ‘பாஷ்முஹந்திஸா’ என்று அப்பட்டம் கிடைத்துவிட்டது. தலைவர் ஃபத்ஹி மட்டும் எல்லோருக்கும் ‘ரயிஸ்’.

அன்று நண்பகல் பன்னிரண்டுக்குள், நீரேற்று நிலையம் ஒன்றுக்கான ஒப்பந்தப்புள்ளி உறையை நகர நடுவே உள்ள அரசு அலுவலகத்துப் பெட்டியில் இட வேண்டும். விலை வெளியே கசியாதிருக்க, இத்தகைய நாட்களில் கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும் ரயிஸின் இழுப்பறைக்குள் பூட்டப்படும், கணினிகள் அணைக்கப்படும், இறுதி விலையை அவரே கையால் எழுதுவார். நேரம் பார்க்க எஞ்சுவது சுவர்க்கடிகாரம் ஒன்றே.

அது முந்தைய நாள் நின்றுபோயிருந்தது. காலையில் ரயிஸ் ஒரு பேட்டரியை என்னிடம் நீட்டினார்.

“இதை மாத்தி, டைம் வச்சு ஓட விடும்மா.”

மாற்றினேன். என் கைப்பேசியைப் பார்த்து நேரத்தை நொடி பிசகாமல் வைத்தேன். பிறகு கைப்பேசியை ஒப்படைத்தேன்.

ரயிஸ் மூன்றாவது விலைப் படிவத்தைக் கிழித்துவிட்டு நான்காவதை எழுதத் தொடங்கியபோது, உறையைக் கொண்டுசெல்ல வேண்டிய பொறியாளர் வாக்தி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

“ரயிஸ், பதினொன்னரை ஆயிடுச்சு.”

“அந்தக் கடிகாரத்துல பதினொன்னரை. அப்ப நெசத்துல பதினொன்னு இருபதுதான். ஏழு வருஷமா இங்க இருக்கீங்க, இன்னும் பத்தைக் கழிக்கத் தெரியலையா?”

செயலர் மேடம் அவாதிஃப் சிரித்தார். “உங்களைச் சீக்கிரம் வரவைக்கத்தான் ரயிஸ் அதைப் பத்து நிமிஷம் முந்தி ஓடவிட்டிருக்கார். நீங்க கழிச்சுக் கழிச்சு, டாண்ணு லேட்டா வர்றீங்க.”

பத்து நிமிடத்தைப் பற்றி எவரும் எனக்குச் சொன்னதில்லை. அரசு அலுவலகத்துக்குச் சுரங்க ரயிலில் ஏறி, இறங்கி, ஓடிச் சென்றாலும் இருபத்தைந்து நிமிடம் ஆகும். வாக்தியின் அருகே சென்று நடந்ததைக் காதோடு சொன்னேன்.

“கையெழுத்து வாங்கிட்டியா, ரத்வா?”

“இல்ல.”

“அப்ப வாயை மூடிட்டு டீயைக் குடி. அவரே கண்டுபிடிக்கட்டும்.”

தேநீர்க் குவளையை எடுத்தேன், குடிக்க இயலவில்லை, வைத்தேன், மீண்டும் எடுத்தேன். நொடிமுள் இருமுறை சுற்றி வந்தது.

“ரயிஸ், அந்தக் கடிகாரம் முந்தலை. காலையில நான் சரியான நேரத்தை வச்சுட்டேன். இப்ப நெசமாவே பதினொன்னு முப்பத்திரண்டு.”

அவர் பேனா நின்றது. “என் கடிகாரத்தைச் சரி பண்ணச் சொன்னது யாரு?”

“நீங்கதான், ரயிஸ்.”

மேடம் அவாதிஃப் தம் கால்களைப் பார்த்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து ஏதேனும் ஒரு கைப்பேசியைப் பார்த்தால் போதும். ரயிஸின் கை சட்டைப்பையில் இருந்த சாவியைத் தொட்டது, எடுக்கவில்லை. விலையை எழுதி முடித்து, உறையை ஒட்டி, அரக்கு முத்திரை இட்டார்.

“முந்தித்தான் ஓடுது. இருந்தாலும் இந்தப் பொண்ணு அழுதுடும் போல இருக்கு. வாக்தி, இவளையும் கூட்டிட்டுக் கிளம்புங்க.”

ஓடினோம். ரயில் நிலையக் கடிகாரம் பதினொன்று நாற்பத்தொன்று காட்டியது. வாக்தி அதை அண்ணாந்து பார்த்தார்.

“நான் இதைப் பாக்கலை. சரியா?”

அரசு அலுவலகத்தில் பெட்டியின் வாயை மூடிவைக்க ஒருவர் ஒட்டுநாடாவை வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் உறை உள்ளே விழுந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு.

திரும்பி வந்தோம். கைப்பேசிகள் மேசைமீது வரிசையாக இருந்தன. என்னுடையதில் பன்னிரண்டு நாற்பது. சுவரில் பன்னிரண்டு ஐம்பது. கடிகாரத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி கிடந்தது.

ரயிஸ் என் சான்றிதழை முன்னே வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“சுவர்ல மணி என்ன, பாஷ்முஹந்திஸா?”

“அம்பது, ரயிஸ். எப்பவும் போலப் பத்து நிமிஷம் முந்தி,” என்றார் வாக்தி.

“உங்களைக் கேக்கல.”

என் கண் பேனாவின் முனையிலேயே இருந்தது.

“இப்ப பத்து நிமிஷம் முந்தித்தான் இருக்கு, ரயிஸ். காலையில இல்ல.”

வாக்தி தம் கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடினார். ரயிஸ் பேனா முனையைத் தாளில் வைத்தார், எடுத்தார். பின்னர் கையொப்பமிட்டார், முத்திரை குத்தினார், குறிப்புரைக் கட்டத்தில் ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினார்.

‘உழைப்பாளி. நேரம் பற்றிய தெளிவு போதாது.’

“போய்ட்டு வாம்மா,” என்றார், என் முகத்தைப் பாராமல்.

சான்றிதழை மடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவாசலில் கைப்பேசியைப் பார்த்தேன். என் பயிற்சி நண்பகல் பன்னிரண்டு மணி நாற்பத்து நான்கு நிமிடத்தில் முடிந்தது.