புகைக்குழாயின் மூடி

ஆலைச் சங்கு ஊதி, சைக்கிள்கள் ஆவடிச் சாலையை நிறைத்து, பின் ஒவ்வொன்றாகச் சந்துகளில் கலைந்த பிறகு, பரந்தாமன் கோவில்பதாகையிலுள்ள தம் வீட்டை அடைவார். வாசல் வழியாக உள்ளே போவதில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்புறக் கொட்டகைக்குப் போவார். அங்கே இரண்டு பழைய டிராக்டர்கள் நின்றன. சிறியதைச் சீர்செய்து முடித்தாயிற்று, அது ஓடும். பெரியது, வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் ஸ்டீயரிங் சக்கரத்தைத் தண்டோடு உருவி, பக்கவாட்டிலுள்ள கனத்த இரும்புச் சக்கரத்தின் நடுவில் செருகி, மெல்ல ஒரு சுற்று சுற்றுவார். வண்டியைக் கிளப்புவதற்காக அன்று. உள்ளே பிஸ்டன் இறுகிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு வெளியே வந்து, கூரையைத் துளைத்துக்கொண்டு நீளும் புகைக்குழாயை அண்ணாந்து பார்ப்பார். அதன் வாயில் ஒரு பால்மாவு டப்பா கவிழ்ந்திருக்கும். மழைநீர் குழாய் வழியே இன்ஜினுக்குள் இறங்காதபடி அவரே கவிழ்த்தது. அது இருக்கக் கண்டால், கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போவார்.

மனைவி பஞ்சவர்ணத்தைத் தகனம் செய்துவிட்டு வந்த மாலையிலும் அவர் சக்கரத்தைச் சுற்றினார்.

“மனுசனா, கல்லா?” என்று உறவுக்காரி ஒருத்தி முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்தது, விழுந்ததோடு சரி. அதன்பிறகு சோறு அவருக்கு ருசிக்கவுமில்லை, கசக்கவுமில்லை.

பெரிய வண்டியின் குரலைக் கேட்கப் பஞ்சவர்ணம் ஆசைப்பட்டிருந்தாள். “ஒரே ஒரு தபா கத்த வை. தெருவே எழுந்து வரணும்” என்பாள். அவள் இறந்த அந்த ஆண்டு விஜயதசமியன்று கத்த வைப்பது என்று பரந்தாமன் முடிவு செய்திருந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. வேம்புலிக்கு மட்டும் தெரியும். வேம்புலி பாடியில் லாரிப் பட்டறை மெக்கானிக். பழைய இரும்புக் கடைகளைத் துழாவி அந்த வண்டிக்கு வேண்டியதையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்தவர். பரந்தாமனுக்கிருந்த ஒரே கூட்டாளி.

ஆயுத பூஜையன்று எந்தக் கருவியையும் வேலை வாங்கக் கூடாது. அன்று ஒரு நாள்தான் பரந்தாமன் சக்கரத்தைத் தொடமாட்டார். வண்டிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு, பஞ்சவர்ணத்தின் தம்பி துலுக்கானத்துடையது. ஆலையில் அவன் பெயிண்டர், அழகு பார்க்கிறவன். கூரைமேல் ஏறியவனுக்குத் துருப்பிடித்த டப்பா கண்ணை உறுத்திற்று. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குழாயின் வாயில் சாமந்தி மாலையைப் பந்துபோலச் சுற்றினான். கீழிருந்து பார்த்த பரந்தாமன், பூவுக்குள்ளே டப்பா இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

வரப்பில் வாழ்ந்த நண்டொன்று தன் வளையின் வாயை ஓட்டுத்துண்டால் மூடி வைத்திருந்ததாம். விருந்துக்கு வந்த மைத்துனன் நண்டு, வாசல் அழகாயிருக்கட்டும் என்று ஓட்டுத்துண்டை எடுத்துவிட்டுப் பூவை வைத்ததாம். மழைக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?

அன்று மாலை பிடித்த மழை பல நாள் விடவில்லை. ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. கொட்டகைக் கதவைத் திறக்கவே முடியவில்லை. விஜயதசமியும் அந்த மழையிலேயே போயிற்று. மழை சற்று ஓய்ந்த ஒரு விடியலில், துலுக்கானத்துக்கு டப்பாவின் நினைவு வந்தது. ஓடிவந்து, அழுகிய பூவைப் பிடுங்கி எறிந்து, டப்பாவைப் பழையபடி கவிழ்த்து வைத்தான்.

நீர் வடிந்ததும் பரந்தாமன் ஸ்டீயரிங்கைச் செருகிச் சுற்றினார். சக்கரம் அசையவில்லை. இன்ஜினின் அடிப்பக்கத்து அடைப்பைத் திறந்தார். கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

“வேம்புலிதான் பூஜைக்கு முந்தின வாரம் கூர ஷீட்டு மாத்த மேல ஏறினாரு, மாமா” என்றான் துலுக்கானம், அவரைப் பாராமல். “டப்பாவ சரியா கவுக்காம உட்டிருப்பாரு.”

பரந்தாமன் தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் வேம்புலி வந்தபோது, “இனிமே வராத” என்றார். காரணம் சொல்லவில்லை, குரலும் உயரவில்லை. வேம்புலி வந்த வழியே போய்விட்டார்.

மாலைகள் மாறவில்லை. சங்கு ஊதும், பரந்தாமன் வருவார், ஸ்டீயரிங்கைச் செருகி உடல் எடையெல்லாம் சேர்த்து அழுத்துவார். சக்கரம் நிற்கும். உருவி வைத்துவிட்டு, அண்ணாந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, கை கழுவப் போவார். தன் வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவரும் துலுக்கானம் இதை நாள்தோறும் பார்த்தான். பொங்கல் கழிந்த ஒரு மாலை அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அது சுத்தாது மாமா.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினு இன்னாத்துக்கு டெய்லி மல்லுக்கட்டிகினு கீற?”

“டைமாச்சுல்ல.”

துலுக்கானம் தூக்கைத் தரையில் வைத்தான். “நான்தான் மாமா டப்பாவ எடுத்தேன். பூ வெக்க எடுத்தேன், மறந்துட்டேன். வேம்புலிமேல பொய்யா சொன்னேன். திட்டு மாமா. ஒரு அறையாச்சும் உடு.”

பரந்தாமன் ஸ்டீயரிங்கை உருவிச் சுவரில் சாய்த்தார். கோபம் வரும் என்று அவரும் எதிர்பார்த்தார் போலும். வரவில்லை.

“வேம்புலி கைல சொன்னியா?”

“இல்ல.”

“போய்ச் சொல்லு.”

வேம்புலியின் பட்டறையில் டீ நேரம். “இன்னா பெயிண்டரு, லாரிக்கு ஜடை பின்னிப் பூ வெக்க வந்தியா?” என்றார் வேம்புலி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே துலுக்கானம் நடந்ததைச் சொன்னான். சிரிப்பு நின்றது.

“பூ வெச்சது தப்பில்ல நைனா. மழ பெய்யும்னு நீ இன்னா கண்ட?” என்றார் வேம்புலி. “ஆனா உங்க மாமா என் கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“வா அண்ணாத்தே.”

“வர்ல. மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து சிலிண்டர்ல ஊத்து. ஊறட்டும். கட்டய வெச்சு பிஸ்டன மெல்லத் தட்டு. அவசரப்பட்டு ஒடச்சிடாத.”

துலுக்கானம் ஊற்றினான், தட்டினான். வார ஓய்வு நாளெல்லாம் கொட்டகையிலேயே கழிந்தது. நடுநடுவே பாடிக்குப் போய், ‘இன்னும் அசையல’ என்று வேம்புலியிடம் சொல்லிவிட்டு வருவான். மாசி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேளாமலே வேம்புலி வந்து கொட்டகை வாசலில் நின்றார். துலுக்கானம் அப்போது கூரைமேல் இருந்தான். தானே தகரத்தில் வெட்டிச் செய்த மூடி ஒன்றைக் குழாயின் வாயில் சங்கிலியால் பிணைத்துக்கொண்டிருந்தான். இனி யார் திறந்தாலும் அது குழாயை விட்டுப் போகாது.

பரந்தாமன் ஸ்டீயரிங்கை உருவி, இரு கைகளாலும் வேம்புலியிடம் நீட்டினார்.

“நீ சுத்து.”

“நான் இன்னாத்துக்கு? உனுக்குத்தான் என்மேல நம்பிக்க இல்லியே.”

“கேக்காம உட்டது என் தப்பு, வேம்புலி” என்றார் பரந்தாமன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நீட்டிய கைகளை, வேம்புலி அதை வாங்கிக்கொள்ளும்வரை, அவர் தாழ்த்தவில்லை.