தோளில் நான்கு விரல்கள்

"மனசுக்குச் சந்தோஷம் தர்றதை மட்டும் வெட்டுங்க" என்று வகுப்பில் நர்ஸ் எவுராசி சொன்னபோது, கொனாடு தன் கணவனின் சாவுச் சுவரொட்டியிலிருந்து நான்கு விரல்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

அது பதினோராவது சுவரொட்டி. குமாசியின் கேஜெத்தியா சந்தைச் சுவரிலிருந்து ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்தது. மற்றவை பந்தாமாவிலும் சுவாமேயிலும், பெட்ரோல் பங்க் மதில்களிலும், மின்கம்பங்களிலும் இருந்தன. எல்லாவற்றிலும் துவோமோ ஒரேமாதிரி உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் துணியைத் தோளில் மடித்துப் போட்டு, வயிறு தெரியாமல் நிமிர்ந்து, ஏதோ நீதிபதியைப் போல. அவனுடைய இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. கை இல்லை, மணிக்கட்டு இல்லை. விரல்கள் மட்டும்.

அவை கொனாடுவின் விரல்கள். ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் அது. அவன் உட்கார்ந்திருந்தான், அவள் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தாள். குடும்பத்தார் அந்தப் படத்தைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்து, பொம்பளையை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அச்சகத்தானும் எடுத்துவிட்டான். வெள்ளைத் துணிமேல் பதிந்திருந்த விரல்களை எடுக்க அவனுக்குப் பொறுமை இருக்கவில்லை. ரொட்டி சுட்டு விற்பவள் அவள்; ஆட்காட்டி விரலில், அடுப்பு சுட்ட தழும்புகூட அச்சாகியிருந்தது.

கீழே பெயர்ப் பட்டியல். தாய்மாமன்கள், சகோதரிகள், மருமக்கள், தலைமைத் துக்கக்காரர்கள், கனடாவில் இருக்கும் யாரோ ஒரு சித்தி மகன். பிள்ளைகள் என்ற வரியில் அவளுடைய இரண்டு பெண்களின் பெயரும் இருந்தது, வானத்திலிருந்து விழுந்தவர்களைப் போல. விதவை என்று ஒரு வரியே இல்லை.

இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த வீட்டு வாசலில் நின்று அவள் நாத்தனார் பிராகோவிடம் ஏன் என்று கேட்டாள். பிராகோ நல்ல குரலில்தான் பதில் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

"பொண்ணு கேட்டு வாசல் தட்டுற ஜின்னை அவனாப் போய்க் குடுத்தான், இல்லேங்கல. கல்யாணத்தை முடிக்கிற ஜின்னை, உன் தலைக்கான ஜின்னை யாரு குடுத்தா? உங்க வீட்டுல வாங்கினவங்க யாரு? ஒரு ஆளைச் சொல்லு. தலைக்கு ஜின் குடுக்காம பெண்டாட்டின்னு எப்படிம்மா போடுறது? நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க."

சாவுச் சடங்கன்று கொனாடு விருந்தாளிகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பந்தலின் கடைசி வரிசை. ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் காது மூன்று நாள் இரைந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. ரொட்டி கருகியது. இரண்டு முறை உப்புப் போட மறந்தாள். அரசு மருத்துவமனைக்குப் போனபோது மாத்திரையோடு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை, தேவாலயத்துப் பின்கூடம், காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்யும் வகுப்பு. சனிக்கிழமை வைத்தால் குமாசியில் ஒருத்தியும் வரமாட்டாள், சாவுச் சடங்குகள் அன்றைக்குத்தான் என்பதால் ஊரே சாவு வீடுகளில் இருக்கும்.

வகுப்பை நடத்தும் எவுராசி மனநலப் பிரிவு நர்ஸ், கடற்கரைப் பக்கத்துப் பெண். தேன்போலப் பேசுவாள். பழைய நாள்காட்டிகள், பத்திரிகைகள், துணித் துண்டுகள், மைதாப் பசை எல்லாம் மேசையில் பரப்பி வைப்பாள். கொனாடுவின் பக்கத்தில் டுஃபியே உட்காருவாள். சந்தையில் தக்காளி விற்பவள். பத்திரிகைகளிலிருந்து செருப்பும் சப்பாத்துமாக வெட்டி ஒட்டுவாள், வேறொன்றும் ஒட்டமாட்டாள்.

"எல்லாம் எனக்குத்தான். என் புருஷனோட மத்த ரெண்டு பெண்டாட்டிகளுக்கும் ஒரு ஜோடி கிடையாது" என்பாள். "உன் பேரை விட்டுட்டாங்கன்னு அழுவுற. என் புருஷன் செத்தப்ப என் பேரைப் போட்டாங்க, மூணாவதா. எனக்கு மேல இருந்த ரெண்டு பேரையும் அந்தச் சுவரொட்டியிலதான் நான் முதமுதலா படிச்சேன். இதுல யாருக்கு மரியாதை ஜாஸ்தி, சொல்லு பார்ப்போம்."

கொனாடு சிரிக்கவில்லை. பெரிய அட்டையின் நடுவில் துவோமோவை முழுதாக ஒட்டியிருந்தாள். அவன் தோளில் அந்த விரல்கள். இனி அவற்றுக்கு ஒரு கை செய்ய வேண்டும். மற்றப் பத்து சுவரொட்டிகளின் விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புறங்கை செய்தாள். மணிக்கட்டுக்கு ரொட்டி சுற்றும் பழுப்புக் காகிதம். முழங்கைக்கு மாவுச் சாக்கின் நீல எழுத்துகள். தோளுக்கு, சாவுக்கு அவள் உடுத்திய கறுப்பும் சிவப்புமான துணியின் ஓரத்தைக் கத்தரித்தாள், நல்ல துணி என்று பார்க்காமல். விரலிலிருந்து தொடங்கி உடம்பை நோக்கி ஒரு பெண் வளர்ந்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு துண்டையும் ஒட்டும்போது அவள் பிராகோவை மனத்துக்குள் திட்டினாள். நீ வெட்டினாய், நான் ஒட்டுகிறேன். இன்னும் வெட்டு பார்ப்போம்.

ஐந்தாவது வாரம் கழுத்து வந்தது. அங்கே நின்றுபோயிற்று.

முகம் இல்லை. வீட்டில் இருந்த படங்களையெல்லாம் ஒரு பையில் அள்ளி வந்திருந்தாள். ஒன்றிலும் அவள் தனியாக இல்லை. துவோமோவுக்குப் பின்னால், துவோமோவுக்குப் பக்கத்தில், துவோமோவின் தொப்பி பாதி மறைக்க. தன்னை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அவளும் அந்த அச்சகத்தானைப் போலத்தான் வெட்ட வேண்டியிருந்தது. அப்போதும் அவனுடைய காதோ தொப்பி விளிம்போ ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னடி, அரைமணி நேரமா கத்தரியை வெச்சுக்கிட்டு முழிக்குற?" என்றாள் டுஃபியே.

"எல்லாம் அந்த பிராகோவால. ரெண்டு புட்டி ஜின். ரெண்டே புட்டி! அதுக்காக என்னை உலகத்துலேர்ந்தே அழிச்சுட்டா."

டுஃபியே ஒரு சிவப்புச் சப்பாத்தைச் சுற்றி நிதானமாக வெட்டினாள். "குடுக்க வந்த ஜின்னை பிராகோ வழியில தட்டிவிட்டாளா?"

"என்ன உளர்ற?"

"கேக்குறேன். அந்த ரெண்டு புட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு நடக்க வேண்டிய காலு யாரோடது? பிராகோவோடதா?"

"துவோமோவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. செத்தவரு."

"செத்தவரைப் பேசக் கூடாது, ஆனா பதினோரு தரம் வெட்டலாம். நல்லா இருக்குடி உன் நியாயம்."

கொனாடு கத்தரியை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்துபோனாள். கூடத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றாள். டுஃபியேயை என்னென்னவோ சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. தக்காளிக்காரி. மூன்றாவது. ஆனால் வாய்க்குள் வந்ததெல்லாம் துவோமோவின் குரல்தான்.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போவோம்ல, அப்ப குடுத்துடலாம். ஈஸ்டர் வந்தது, போயிற்று. அம்மா வீட்டுக் கூரை முதல்ல முடியட்டும். கூரை முடிந்தது. மாமா செத்திருக்காரு, இப்பவா கல்யாணப் பேச்சு? பிறகு, பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில், அவன் சிரித்துக்கொண்டே சொன்னது: நமக்குள்ள எதுக்கு இந்தச் சடங்கு? நீ என் பெண்டாட்டின்னு ஊருக்கே தெரியுமே.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்! ரொட்டி வாங்க வந்த பெண்களிடம், மாதர் சங்கத்தில், தன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டபோது. ஊருக்கே தெரியுமே. ஊருக்குத் தெரிந்திருந்தது. எதையும் தீர்மானிக்கிற அவனுடைய தாய்வழிக் குடும்பத்தாரிடம்தான் அவன் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. ஏன்? சோம்பலா? அம்மாவுக்குப் பயமா? வேறு யாருக்காவது இடம் விட்டு வைத்திருந்தானா? எதுவாக இருந்தால் என்ன. இருபத்திரண்டு ஈஸ்டர்கள்.

அவளும்தான் ஒருமுறைகூட அழுத்திக் கேட்டதில்லை. கேட்டால் 'இல்லை' என்று வந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அப்படி ஒரு அனல் வந்தது.

உள்ளே போனாள். டுஃபியேயைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். ரொட்டித் தட்டில் விரித்து, அடுப்பில் கருகிச் சுருங்கிய காகிதம் பையில் இருந்தது. அதில் ஒரு முகம் கிழித்தாள். கத்தரியால் வெட்டவில்லை, கையால் கிழித்தாள். சிவப்புத் துணியில் ஒரு வாய். நாள்காட்டியின் கறுப்பு எண்களில் இரண்டு கண். ஒட்டி முடித்துப் பார்த்தபோதுதான் கவனித்தாள். எல்லாப் படங்களிலும் மனிதர்கள் நேரே பார்ப்பார்கள். இந்தப் பெண் முன்னால் நிற்பவர்களைப் பார்க்கவில்லை. குனிந்து, பக்கவாட்டில், தனக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த கை அன்பாய் வைத்ததா, பிடித்து உலுக்குகிறதா என்று சொல்ல முடியவில்லை.

எவுராசி வந்து நின்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு ஆன்ட்டி. அந்த வாயை மட்டும் கொஞ்சம் மேல வளைச்சா…"

"இது சிரிக்கிற வாய் இல்ல, சிஸ்டர்."

அன்றிரவு அவள் தூங்கினாள்.

பத்தாவது வாரம் படங்களை அதே கூடத்தில் மாட்டிக் காட்சி வைத்தார்கள். மருத்துவமனைக்காரர்கள் வந்தார்கள், தேவாலயத்து மாதர்கள் வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எவுராசி ஒரு சிறிய வெள்ளை அட்டை குத்தியிருந்தாள். செருப்புப் படத்தின்கீழே 'நம்பிக்கை'. கொனாடுவின் படத்தின்கீழே 'அமைதி'.

பதினோரு மணிக்கு பிராகோ வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு உடை, கையில் விசிறி. படத்தின் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"யாரைக் கேட்டு எங்க தம்பியை இங்க தொங்க விட்ட?"

"சுவத்துல மழையில நனைஞ்சுக்கிட்டிருந்தாரு, அக்கா. அப்ப நீங்க யாரும் குடை பிடிக்கலையே?" என்றாள் டுஃபியே.

"தக்காளிக்காரிகிட்ட நான் பேசல." பிராகோ எவுராசியின் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், செத்தவன் எங்க குடும்பத்துச் சொத்து. உடம்பும் எங்களுது, முகமும் எங்களுது. இதை இறக்குறீங்களா, இல்ல நான் பாதிரியார்கிட்டப் போகட்டுமா?"

எவுராசியின் தேன்குரல் மெலிந்தது. "ஆன்ட்டி கொனாடு, மேல்பாதியை மட்டும் ஒரு துணியால மூடிடலாமா? இன்னிக்கு ஒரு நாளைக்கு? உங்க மன அமைதிக்காகத்தான்…"

"என் அமைதிக்காகவா, இவங்க அமைதிக்காகவா?"

எவுராசி மேசைப் பக்கம் திரும்பினாள். பத்து வாரமாக எதை எடுத்து வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஒட்டுங்கள், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவாருங்கள் என்று சொன்னவள். கொண்டுவந்தவுடன் துணி தேடுகிறாள்.

பிராகோ அருகில் வந்தாள். இப்போது அவள் குரலில் கோபம் இல்லை, ஒருவித அலுப்புதான் இருந்தது. "இத பாரு, கொனாடு. நான் உன் பேரை அடிக்கல. அவன் உன்னைக் கட்டிக்கிறேன்னு எங்ககிட்ட ஒருநாளும் வாயைத் திறந்ததில்ல. ஒருநாளும். அதைத் தெரிஞ்சுக்கோ."

"தெரியும்" என்றாள் கொனாடு.

பிராகோவின் விசிறி நின்றது. அவள் அழுகையை எதிர்பார்த்திருக்க வேண்டும், அல்லது சாபத்தை.

"அவரு சொல்லல. சொல்லாத ஆளை நான் இருபத்திரண்டு வருஷம் தாங்கினேன். அவரு உயிரோட இருக்கும்போது நீங்களும் என் கையால ரொட்டி வாங்கித் தின்னீங்க, தலைக்கு ஜின் எங்கேன்னு ஒருத்தரும் கேக்கல. பொணம் விழுந்தப்புறம்தான் உங்களுக்கு ஜின் ஞாபகம் வந்துது. ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோபம்தான், அக்கா. ஆனா முகம் உங்களுதுன்னு சொன்னீங்களே, அது வாஸ்தவம். உங்களுதை நீங்க எடுத்துக்கோங்க."

மேசையிலிருந்து கத்தரியை எடுத்தாள். அட்டையோடு சேர்த்து, தாடையிலிருந்து தொடங்கி, காதைச் சுற்றி, நெற்றியை வளைத்து, துவோமோவின் முகத்தை வெட்டி எடுத்தாள். அட்டை தடிமன். கட்டைவிரல் வலித்தது. முகத்தைப் பிராகோவின் கையில் வைத்தாள்.

பிராகோ அதை வைத்துக்கொண்டு நின்றாள். தரையில் போட முடியாது, தம்பியின் முகம். கைப்பைக்குள் மடித்து வைக்கவும் முடியாது, அட்டை மடங்கவில்லை. கடைசியில் விசிறிக்குக் கீழே மறைத்துப் பிடித்துக்கொண்டு, "அந்தத் துணியும் அவன் துணிதான்" என்றாள், சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"அதைத் துவைச்சுக் கஞ்சி போட்டது நான். அது இங்கேயே இருக்கும்."

பிராகோ போனாள். படத்தில் இப்போது வெள்ளைத் துணிக்குமேல் ஒரு ஓட்டை. அதன் வழியே கூடத்துச் சுவரின் பச்சைச் சுண்ணாம்பு தெரிந்தது. கருகிய காகித முகம் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் எவுராசி. "இப்ப இதை இறக்கி, பின்னாடி ஒரு தாளை ஒட்டித் தரட்டுமா?"

"வேணாம். இப்படியே இருக்கட்டும். அந்த அட்டையைக் குடுங்க முதல்ல."

'அமைதி' என்று எழுதிய அட்டையைப் பிடுங்கி, திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதினாள்: கொனாடு. அட்டை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக எழுதினாள். அவள் யாருக்கு என்ன உறவு என்று கீழே எதையும் எழுதவில்லை.

டுஃபியே எட்டிப் பார்த்தாள். "எழுத்து ஏன்டி இவ்வளவு கோணலா இருக்கு?"

"ஆத்திரம் இன்னும் அடங்கல."

"அப்ப இன்னொரு அட்டை வாங்கட்டுமா?"

"பெரிசா வாங்கு" என்றாள் கொனாடு.