பிரிட்ஜின் மேலிருக்கும் ட்ரே

1

அயலவரின் அன்புக்கு விலை ஆயிரத்து நானூறு ரூபாய். மாத்தளைக் கடைத்தெருவில் அந்த அளவு அலுமினிய ட்ரே இன்று அவ்வளவுக்குப் போகிறது. கடையை விட்டு இறங்கிப் போவதுபோல் நடித்தால் ஆயிரத்து இருநூறுக்கும் கொடுப்பார்கள். அப்படியொரு ட்ரே எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்களுடையதல்ல. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லித்தான் விற்போம். (கேட்டால்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஈஸ்ட் போட்ட மாவைப்போல நிரஞ்சலாவின் மனமும் பொங்கி…"

சீனி கூடிவிட்டது. அடித்துவிட்டேன்.

பிறகு: "அலுவிகாரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை…"

கொட்டவில்லை. நல்ல வெயில்.

நேராகவே சொல்கிறேன். நிரஞ்சலா எங்கள் அலுவிகாரை லேனுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கணவர் பிருந்தாபனுக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தார்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாள்களில் லேன்காரர்கள் எல்லோரும் றம்ஸீன் வீட்டு கராஜில் கூடித் தேநீர் குடிப்போம். அதற்கு நிரஞ்சலா வீட்டிலேயே பணிஸ் சுட்டுக் கொண்டுவருவார். பிய்த்தால் பஞ்சுபோல் பிரியும். மேலே பட்டர் மினுக்கம். மிஞ்சியதை ட்ரேயோடு ஏதாவதொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஒரு போயாவில் எங்கள் முறை வந்தது.

3

கதைக்குச் சிக்கல் வேண்டும் என்பார்கள். நான் தேடி அலையவில்லை. அண்ணாந்து பார்த்தேன், பிரிட்ஜின் மேல் இருந்தது.

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது. எங்கள் லேனில் கோயிலுக்குப் போகிற வீட்டுக்கும் பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுக்கும் இந்தச் சட்டம் ஒன்றுதான். முறுக்கு வைத்துக் கொடுத்துவிடலாமே என்றேன். என் மனைவி ராசம்மா பார்த்த பார்வையில் முறுக்கே நமத்துப்போயிருக்கும்.

"அந்த பணிஸுக்கு பதிலா முறுக்கா? நல்லதா ஏதாச்சும் செஞ்சுதாங்க குடுக்கணும். மானம் போயிரும்."

நல்லதாக ஏதாவது செய்யும் நாள் வரவேயில்லை. ட்ரே அங்கேயே இருந்தது.

4

போன போயாவுக்கு நிரஞ்சலா கடை பிஸ்கட்டோடு வந்தார். என்னை ஓரமாக அழைத்து, ஓவனை விற்கப்போவதாகவும் நல்ல விலைக்கு ஓர் ஆள் பார்த்துத் தரும்படியும் கேட்டார். ஏனென்றேன்.

"குடுத்த ட்ரே ஒண்டும் திரும்பி வரேல்லை அண்ணை. பிடிக்காத சாமானைக் குடுத்து ஆக்களைக் கரைச்சல்படுத்தக் கூடாதுதானே."

(அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். மூன்று பிரதிகளில் கோபப்படுத்திப் பார்த்தேன். ஒன்றிலும் சரிவரவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் குத்தியது.)

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் ராசம்மா நின்றாள், மானத்தோடு. அதனால் வாயிலிருந்து விலை வந்தது.

"பாதி விலைக்கும் போகாது தங்கச்சி. மார்க்கெட் படுத்துக் கெடக்கு. அடுத்த போயா வரைக்கும் பொறுங்க."

ஒரு பொருளை விற்கவிடாமல் தடுப்பதற்காக எங்கள் பரம்பரையில் ஒருவன் விலை சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் போனபின் றம்ஸீனிடம் விசாரித்தேன். அவர் வீட்டு அலுமாரியின் மேலேயும் ஒரு ட்ரே. ஈடு செய்ய அவர் மனைவி முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தாராம், இறுகவில்லையாம். மற்ற வீடுகளிலும் இதே பாடு. லேன் முழுவதும் மரியாதை காட்டி, ஒரு பெண்ணை அவமதித்து வைத்திருந்தோம்.

5

முடிவு அ: நாளைப் போயாவில் எல்லா ட்ரேகளும் நிறைந்து வருகின்றன, நிரஞ்சலா கண்கலங்க… அழகுதான். ஆனால் வட்டிலப்பம் இறுகவேண்டுமே.

முடிவு ஆ: புது ட்ரே வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. இதைக் கேட்டு ராசம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தினாள்.

முடிவு இ: இந்தக் கதையை ட்ரேயில் வைத்து, நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுப்பது. இதற்கு ராசம்மா வாய் திறந்தாள்.

"காகிதத்த யாருங்க திம்பாங்க? கொஞ்சம் ஏலக்காயும் வைங்க. மாவுல போடலாம்ல."

(நிரஞ்சலா, இதுவரை வாசித்துவிட்டீர்கள். நான் சொன்ன விலை பொய். உங்கள் ஓவன் நல்ல விலைக்கே போகும். இன்னும் விற்கத்தான் வேண்டுமென்றால் ஆள் பிடித்துத் தருகிறேன், தரகு வேண்டாம்.)

நாளை மாலை கராஜில் பணிஸா, பிஸ்கட்டா? எனக்குத் தெரியாது. தேநீர் ஐந்து மணிக்குத்தான். மாவு பொங்க நேரம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது கணக்கு:

நிரஞ்சலா வீட்டுக்குச் சேரவேண்டியது: ட்ரே ஒன்று, வெறுமையாக அல்ல. தீர்ந்தது.

எங்கள் வீட்டுக்குச் சேரவேண்டியது: பித்தளைக் கிண்ணம் ஒன்று. ஏலக்காயை நான் ட்ரேயில் கொட்டவில்லை, அதில்தான் வைத்திருக்கிறேன். வெறுமையாகத் திரும்பக்கூடாது.

பாக்கி: அவர்கள் பக்கம்.