பச்சைக் கதவு வைத்த கார்

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தம்பி சிரித்தான். முதல் தடவை டெஸ்டில் தோற்றபோது உள்ளுக்குள் நிம்மதியோடு ஆறுதல் சொன்னான். அடுத்த தடவை தேறிவிட்டு, லைசென்ஸைக் கொண்டுவந்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டியபோதுதான் அவன் சிரிப்பு நின்றது.

தம்பியை எல்லோரும் கூப்பிடுவது திருகாணி என்றுதான். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. அதை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தவனுக்கு அக்கா வைத்த பெயர் அது. இப்போது அவன் ஊரில் பாதி வீட்டுக்கு ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவன். தலைமுடி கொட்டிவிட்டது, பெயர் மட்டும் கொட்டவில்லை.

அக்கா திரைச்சீலை தைக்கிறவள். ஜன்னலுக்கு அளவெடுத்து, மடிப்பு வைத்துத் தைத்து, அந்தந்த வீட்டுக்கே போய் ஏணி மேல் ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். ஆள் உயரத்துக்கு மேலே நீளும் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் முறைக்கிறார்கள். அவள் கணவரோ கப்பலில் எலக்ட்ரீஷியன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருகாணியின் வேன்தான் அவளுக்கு வாகனம், திருகாணிதான் டிரைவர். "லீவு நாள்ல கூட மனுஷனை உக்கார விடமாட்டேங்கற" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவள் கூப்பிடுவதற்கு முன்பே வேனைத் துடைத்து வைத்திருப்பான்.

"ஒரு பழைய வண்டியா பார்த்துக் குடுடா. பார்க்க அழகா இருக்கணும்னு இல்ல. ரிப்பேர் பண்ணத்தான் நீ இருக்கியே" என்றாள் அக்கா.

"நான் ஃபிரிட்ஜ் பார்க்கறவன் அக்கா."

"அதுக்குள்ளயும் ஏதோ சுத்துது, இதுக்குள்ளயும் ஏதோ சுத்துது. பார்த்துக்கலாம் வா."

மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டு அவர்கள் பார்க்கப்போன கார் ஒரு நீச்சல் மாஸ்டருடையது. ஒரு காலத்தில் நல்ல நீலமாக இருந்திருக்க வேண்டும். பின்பக்கத்துக் கதவு ஒன்று மட்டும் பச்சை. வேறு எந்த வண்டியிலிருந்தோ பிடுங்கி மாட்டியது. உள்ளே ஈரத் துண்டு வாசனை. மாஸ்டருக்கு அதை விற்க மனசே இல்லை என்பது அவர் பேச ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது.

"மேட்டுல ஏறினா மூச்சு வாங்கும்மா. மழை பெஞ்சா கால்கிட்ட தண்ணி நிக்கும். கிளட்ச் எப்ப வேணா கையை விரிச்சிடும். இந்தக் கண்ணாடி இருக்கே, ஏத்தினா ஏறும், அப்புறம் அதுவா இறங்கிடும். நல்லா யோசிச்சுக்கோங்க."

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போன வாரம் வந்தவரையும் இப்படித்தான் ஓட ஓட விரட்டினார். இந்த வண்டி போனாதான் எனக்கு வாசலே தெரியும்மா. தயவுசெஞ்சு ஓட்டிட்டுப் போயிடுங்க."

அக்கா டிக்கிப் பக்கம் போனாள். துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக் கொண்டுவந்திருந்த நீளமான சாமானைப் பிரித்தாள். திரைச்சீலைக் கம்பி. டிக்கியைத் திறந்து, முன் சீட்டை மடக்கிவிட்டு, கம்பியை உள்ளே செலுத்தினாள். அது போய் டேஷ்போர்டைத் தொட்டு நின்றது. டிக்கியைச் சாத்தினாள். முழுசாக மூடிக்கொண்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் வண்டி" என்றாள்.

"இன்ஜினைப் பார்க்க வேண்டாமா?"

"அதை நீ பாரு."

மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து திருகாணி வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் வேலை. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து கிளட்ச்சை மாற்றிக் கொடுத்தார். மற்றதெல்லாம் தன் பொறுப்பு என்று திருகாணி சொல்லிவிட்டான். ரேடியேட்டர் குழாய் மாறியது. துருப்பிடித்த தரையைச் சுரண்டி, தகடு வைத்து அடைத்தான். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டான். கிழிந்த சீட்டுகளுக்கு, யாரோ வேண்டாமென்று திருப்பிவிட்ட பூப்போட்ட திரைச்சீலைத் துணியில் அக்கா உறை தைத்தாள். உட்கார்ந்தால் யார் வீட்டு ஹாலிலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். அவள் டார்ச் பிடிப்பாள். பிடிக்கிற டார்ச் பேச்சு சுவாரசியத்தில் எங்கெங்கோ போய்விடும்.

"அக்கா, வெளிச்சம் என் வேலை மேல இருக்கணும். என் மூஞ்சி மேல இல்ல."

"இல்லடா, நீ அப்பா மாதிரியே உதட்டைக் கடிக்கறே. அதான் பார்த்தேன்."

அப்பா போனபிறகு அவர்கள் இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை. வேனில் போகும்போது பேச்சென்றால் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதோடு சரி. இங்கே, எண்ணெய்க் கையோடு டீ குடித்துக்கொண்டு, அப்பாவின் குறட்டையில் ஆரம்பித்து, கப்பலிலிருந்து போன் வராத நாட்களில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காமல் போவது வரைக்கும் பேசினார்கள். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருகாணியின் மனைவிக்குத் தொண்டை வறண்டது.

வண்டி ஓடத் தயாரானது. அதற்கப்புறமும் தயாராகிக்கொண்டே இருந்தது. "ஸ்டியரிங்ல ஒரு ஆட்டம் இருக்கு" என்பான். அடுத்த வாரம், "பிரேக்ல ஏதோ சத்தம்" என்பான். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிண்ணுனு இருக்கு, இன்னும் என்னத்தை நோண்டறீங்க?" என்று கேட்டதை அக்காவிடம் சொல்லவில்லை.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. "உங்க அக்கா தனியா ரோட்டுல போறதுக்கு உங்களுக்குப் பயம். அதை நேரா சொல்லுங்களேன். பாவம், அந்த வண்டியை ஏன் படுத்தறீங்க?"

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. பிரேக் விஷயத்துல அலட்சியம் கூடாது."

பயம் இருந்தது. அவள் ஓட்டிப் பழகிய நாட்களில் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போனான். ஒரு கேட்டின் தூணை முத்தமிட்டுவிட்டுத்தான் வண்டி நின்றது. அதுகூடப் பரவாயில்லை. வண்டி ஓடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் எதற்கு இங்கே வரப்போகிறாள்? இதை அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இல்லாத பிரேக் சத்தத்தைத் தேடி முன் சக்கரத்தைக் கழற்றினான். பார்த்தான், துடைத்தான், திரும்ப மாட்டினான். நட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போனபோது போன் வந்தது. காலையில் அவசரமாக ஒரு மருந்துக்கடைக்கு வர வேண்டுமாம். ஃபிரிட்ஜ் குளிர்ச்சி கம்மியாகிறது, உள்ளே ஊசி மருந்தெல்லாம் இருக்கிறது. பேசிக்கொண்டே ஜாக்கியை இறக்கினான், பேசிக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

மறுநாள் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் கொட்டகை காலி.

"உங்க அக்கா வந்தாங்க. யாரோ விருந்தாளி வர்ற வீடாம், இன்னிக்கே மாட்டணுமாம். சாவியைக் கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள் மனைவி. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஏங்க?"

"வீல் நட்டு... நான் முடுக்கலை."

அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டாள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிறவள். போன வாரம் அவனே அவளை அளவெடுக்கக் கூட்டிப்போன வீடுதான் அது. வேனை எடுத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும், கூட்டமாக ஆட்கள் நிற்கிறார்களா என்று அவன் கண் தேடியது. ஒரு இடத்தில் நின்றிருந்தார்கள், பஸ்ஸுக்கு. தெய்வத்தைக் கூப்பிட்டானா அப்பாவைக் கூப்பிட்டானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த வீட்டு வாசலில், பச்சைக் கதவு வெயிலில் பளபளக்க, கார் நின்றிருந்தது. ஓரமாக, ஒழுங்காக, சக்கரங்கள் நேராக.

வேனை அப்படியே விட்டுவிட்டு ஓடி, முன் சக்கரத்துக்கு எதிரே மண்டி போட்டான். ஒரு நட்டைப் பிடித்துத் திருகினான். அசையவில்லை. அடுத்தது. அதுவும் கல் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"டேய் திருகாணி, அதையெல்லாம் நான் முடுக்கிட்டேன்டா!"

நிமிர்ந்தான். மாடி ஜன்னலில் ஏணி மேல் நின்று, கையில் கொக்கிகளைப் பிடித்துக்கொண்டு, புதுத் திரைச்சீலைக்கு நடுவே அக்கா தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கார் சக்கரத்தைக் கும்பிடுகிற இந்த ஆள் யார் என்று வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அவள் இறங்கி வருவதற்குள் அவன் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி வந்து, ஒவ்வொரு வீலா தொட்டுப் பார்க்கணும்னு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக் குடுத்திருக்கார். தொட்டா நட்டெல்லாம் லூசா ஆடுது. ஸ்பேனர் மேல ஏறி நின்னே முடுக்கிட்டேன். எனக்கென்ன, வெயிட்டுக்கா பஞ்சம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வேறு எதுவாகவோ வெளியே வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தப்பு என்னோடதுதான் அக்கா. நான் பாட்டுக்குத் தேவையில்லாம கழட்டி..."

"தெரியும்." அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வண்டி எப்பவோ சரியாயிடுச்சு. மெக்கானிக் என்னை மார்க்கெட்டுல பார்த்துச் சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா முடிச்சிடுவியே. எனக்கும்தான் அந்தக் கொட்டகையில உக்கார்றது பிடிச்சிருந்தது." அவள் அவன் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "கார் இருந்தா வரமாட்டேனா என்ன? பஸ்ஸு வர்ற நேரம் பார்க்காம, நினைச்சா வருவேன். உன் பொண்டாட்டிதான் பாவம்."

வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். மிச்ச ஜன்னலுக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொக்கி எடுத்துக் கொடுத்தான். திரும்பும்போது, "நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்" என்று அவன் சொன்னதற்கு அவள் மறுப்பு சொல்லவில்லை.

நன்றாகத்தான் ஓட்டினாள். கொஞ்சம் மெதுவாக. ஆள் இல்லாத திருப்பத்தில்கூட இண்டிகேட்டர் போட்டாள். பெரிய சந்திப்பில் பச்சை விழுந்தபோதுதான் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. அவ்வளவுதான், வேனுக்குப் பின்னால் ஹாரன் மழை. திருகாணிக்குக் கை கால் பரபரத்தது. கதவைத் திறக்கப் போனவன், திறக்காமல் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக் கத்தினான்.

"யோவ், இருங்கய்யா! எங்க அக்கா முதல் தடவையா தனியா ஓட்டுது!"

முன்னாலிருந்த காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. மானத்தை வாங்காதே, வாயை மூடு என்று அந்தக் கை காற்றில் அதட்டியது. பிறகு உள்ளே போனது. இன்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. சிவப்பு விழுவதற்குள் அக்கா சந்திப்பைக் கடந்துவிட்டாள். திருகாணி மட்டும் இந்தப் பக்கம் சிக்னலில் மாட்டிக்கொண்டு, தூரத்தில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.