அடிபட்டது என்று சொன்ன காசு

நாணயம் சேகரிப்பவர்களின் சங்கத்தில், அந்த வீட்டு மருமகள்கள் இருவரில் மூத்தவளுக்கு 'அடிபட்டதக்கா' என்று பட்டப்பெயர். மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருவார்கள். நாணயச்சாலையிலேயே பிழையாக அச்சானது என்று கண் மின்ன நீட்டுவார்கள்; அப்படிப் பிழையான காசுக்குத்தான் மதிப்பு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள்; அவசரமே படமாட்டாள். பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிபட்டதுங்க" என்பாள். சக்கரம் ஏறியது, சுத்தியலில் நசுங்கியது, துணி உலர்த்தும் மெஷினில் உருண்டு விளிம்பு மடிந்தது என்று எல்லாமே காசு வெளியே வந்தபிறகு பட்ட அடிகள்தான். வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தியும் உண்டு. எத்தனையோ வருஷம் சில்லறையைக் கிளறியும் அவள் கையில் ஒரு நிஜப் பிழை அகப்பட்டதில்லை.

அகப்பட்டது அவளுடைய ஓரகத்திக்கு.

இளையவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்தவள். சலவை நிலையத்தில் வேலை. அவள் எதைத் தொட்டாலும் விளங்கும். ஒரே செடியில் ஒடித்து நட்ட இரண்டு ரோஜாக் குச்சிகளில் அவளுடையது பூத்துக் குலுங்கியது. மூத்தவளுடையது முள்ளோடு நின்றது. மூத்தவள் பார்த்துப் பார்த்துச் சமைத்ததை வாய் திறக்காமல் சாப்பிடும் மாமனார், இளையவள் முட்டை பொரித்துப் போட்டாலே "அருமைம்மா" என்பார். இப்போது காசிலும் வந்து நிற்கிறாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். கடை மெஷின் வடிகட்டியில கிடந்துச்சு. துணி போட்டவரு வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாரு."

விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு பிறை. 'யாராவது வெட்டியதாக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேதான் மூத்தவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். வெட்டிய காசென்றால் எழுத்து கத்தரித்ததுபோல் நிற்கும். இதில் எழுத்துகள் பிறையை நோக்கி வழிந்து மெலிந்திருந்தன. பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மேடு எழும்பாமல் மங்கிக் கிடந்தது. காசு வெட்டும் உலோகத் தகட்டில் முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டும் கருவி மறுபடி விழுந்தால்தான் இப்படி வரும். அரத்தாலோ கத்தரியாலோ எதிர்ப்பக்கத்தை மங்கவைக்க முடியாது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அடிபட்டது" என்றாள். "யாரோ வெட்டிருக்காங்க."

"அவ்வளவுதானா? சரிக்கா."

ஒரு பெருமூச்சுகூட இல்லை. அதுவும் மூத்தவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் காசு வீட்டு வாஷிங் மெஷினின் மேல் கிடந்தது. வடிகட்டி மூடியின் பள்ளத்தில் அதை நுழைத்துத் திருகித் திறக்க இளையவளுக்கு வசதியாக இருந்ததாம். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு கீறல். மூத்தவள் அடுக்களையில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கொடு என்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள். ஆனால் எதற்கு என்று கேட்பாளே? போகட்டும், நாசமாகட்டும், எனக்கில்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று மனசு ஒரு பக்கம் குதூகலித்தது. மறுபக்கம், கீறல் ஒவ்வொன்றும் தன் தோலிலேயே விழுவதுபோல் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் கரகரவென்று சத்தம் கேட்டது. இளையவள் அரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காசின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், நிறுத்து! நிறுத்துடி!"

"என்னக்கா? ஓரம் தடிமனா இருக்கு. தேய்ச்சா பள்ளத்துல நல்லா உக்காரும்."

"அது நிஜம். நாணயச்சாலைப் பிழை. பார்த்த உடனேயே தெரிஞ்சிருச்சு எனக்கு."

அரம் நின்றது. "அப்ப ஏன் அடிபட்டதுன்னு சொன்னீங்க?"

"பொறுக்கலை. உனக்குக் கிடைச்சிருச்சேன்னு பொறுக்கலை."

இளையவள் திட்டவில்லை, அழவில்லை. காசைக் கழுவித் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவள் வாயில் 'அக்கா' வரவே இல்லை. "சாப்பாடு ரெடி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அழைக்காமலே வந்து நின்றாள். காசு கைமாறிக் கைமாறிப் போயிற்று. சங்கத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அரம் பட்டிருக்கே. அடிபட்டதுதானேம்மா?"

எல்லோரும் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுக்கப்போவதில்லை. இளையவளும் அவளையே பார்த்தாள்.

"பிறை நாணயச்சாலையில விழுந்தது" என்று எழுந்தாள் மூத்தவள். "எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்க, தெரியும். அரம் பட்டது எங்க வீட்டுல. அடிபட்டதுன்னு நான் பொய் சொன்னேன், அதை நம்பித் தேய்ச்சுட்டா."

தலைவர் எதிர்ப்பக்க விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் இளையவளைச் சூழ்ந்தார்கள். மூத்தவளின் மேசைக்கு அன்று ஒருவரும் வரவில்லை. பூதக்கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அங்கே எழுந்த ஒவ்வொரு "அடேயப்பா"வும் அவள் காதில் ஊசியாக இறங்கியது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யாரோ சொன்னதெல்லாம் சுத்தப் புளுகு என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி நடந்தபோது இளையவள் கொஞ்ச தூரம் முன்னால் போனாள். தெருமுனையில் நின்றாள்.

"இன்னும் பொறாமையா இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"வயிறு பத்திக்கிட்டு எரியுது."

"நல்லா எரியட்டும்" என்றாள் இளையவள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "பார்த்து வாங்கக்கா, பள்ளம் இருக்கு."