செல்லி வெளியே போக ஒரு வழி

என் செல்லி உத்தனப்பள்ளி வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறாள். அவளைப் பெங்களூருக்கு அனுப்பத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன். என்ன பிறவியோ!

செல்லி என் கதாநாயகி. இத்தனை வருடம் காகிதத்தில் கதை எழுதியவள் நான். இது கணினி மென்பொருளில் எழுதும் முதல் கதை. திரையில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு காட்சி. ஒரு சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் பக்கத்தில் புதுக் கட்டம் பிறந்து, அம்புக்குறி ஒன்று தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வாசிக்கிறவர் எந்தச் சொல்லைத் தொடுகிறாரோ அந்த வழியில் கதை போகும். எத்தனை வழி வேண்டுமானாலும் திறக்கலாமாம்! முதல் நாள் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பெங்களூரில் செல்போனுக்கு இப்படிக் கதைகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் தமிழில் எழுத ஆள் தேடுகிறது. ஞாயிறு மாலைக்குள் மாதிரிக் கதை அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. ஓசூர் தொழிற்சாலையில், எந்தப் பொருள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கட்டமும் அம்புக்குறியுமாகக் காட்டும் வேலைமுறைப் படம் வரைந்து வரைந்து எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கதையை முதலில் படித்தவள் பக்கத்து மேசை நாஸியா. கேன்டீனில் ஒரு கையால் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே மறு கையால் என் போனைத் தட்டினாள்.

“மாதேஸ்வரிக்கா, எதைத் தொட்டாலும் இவ ஊட்டுக்கே வந்து நிக்கறாக்கா. பஸ் ஏறுனா, கர்நாடகால பந்த்து, வண்டி போவாதுன்னு பார்டர்ல, ஜூஜூவாடியிலயே எறக்கி உட்டுடறாங்க. டெம்போல போனா மாமியாருக்குக் காய்ச்சல்னு போன் வருது. வெளிய போற வழி எங்கக்கா?”

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் வேலைமுறைப் படத்தில் எந்தக் கட்டமும் அம்புக்குறி இல்லாமல் தொங்கக் கூடாது. தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். பழுதான பொருள் எதையும் வெளியே விடாமல், சரிசெய்யும் மேசைக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி வரிசையில் சேர்க்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் செல்லியையும் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் என்ன, பழுதான பொருளா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிறு மதியம் கணினி முன் உட்கார்ந்தேன். பேருந்துக் காட்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியை அழித்தேன். அதற்குப் பதில் புதுக் கட்டம் ஒன்று திறந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்? ஒரு வரிகூட வரவில்லை. நான் தனியாக அங்கே போனதே கிடையாது.

என் கணவர் இளம்பரிதி வந்து, மேசைமேல் கிடந்த என் போனை எடுத்தார். அதில் நாஸியா படித்த பழைய பிரதிதான் இருந்தது. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எங்க சுத்துனாலும் ஊடு வந்து சேந்துடறா. நல்லா எழுதியிருக்க மாதேசு.”

அந்தப் பாராட்டைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை விஷயத்தைப் போட்டு உடைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரலையே உயர்த்தவில்லை.

“போயேன், நான் வேணாங்கல. காலைல நம்ம பாப்பாவ ஸ்கூலுக்கு யாரு கெளப்பறது?”

“நானே விடியறதுக்குள்ள எழுந்து கெளப்பிட்டுப் போறங்க.”

“சாயங்காலம் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா?”

“சீக்கிரமே கெளம்பிடறேன்.”

“எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியாமப் போனா?”

“வேலைய உட்டுடறங்க.”

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் கேட்டது கேள்விகள் மட்டும்தான். ஒவ்வொரு வழியையும் அடைத்தவள் நான். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது; அழுகையும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வெற்றுக் கட்டத்தில் எழுதினேன்: ‘பேருந்து எல்லையைக் கடந்து அத்திப்பள்ளியையும் தாண்டியது. செல்லி இறங்கவில்லை.’ தொடுவதற்கு ஒரு சொல்லும் வைக்கவில்லை. அப்படியே பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன்.

காபி கேட்டு வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்தும் கதை நகரவில்லை.

“இவ ஊட்டுக்கு எப்ப வருவா?”

“தெரியலங்க.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். இந்த முறை திரும்பி வரும் அம்புக்குறி எதையும் நான் போடவில்லை.