இடது காலின் அச்சுக்கட்டை

பூட்ஸ் தைப்பதற்காக நோரீன் யாருடைய காலுக்கு அச்சுக்கட்டை செதுக்கினாளோ, அந்தக் கால் அதன்பிறகு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. மெரூலாவில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாகப் பேசியதில்லை. விக்டோரியா மலைக்காட்டிலுள்ள அந்தச் சின்ன ஊரில், மூடிக்கிடந்த வெண்ணெய்த் தொழிற்சாலையை வாடகைக்குப் பிடித்து அவள் பட்டறை போட்டபோது, "பொம்பள தைக்கிற பூட்ஸா? பொம்மைக்குத்தான் போடலாம்" என்று மரம் வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். ஒரு மழைக்காலம் போயிற்று. சிரித்தவர்களே வாசலில் வரிசையில் நின்றார்கள். அவள் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. தானே வரைந்தாள், தானே வெட்டினாள், தானே தைத்தாள். வந்தவரின் காலை மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, அச்சு அசலாக மரத்தில் ஒரு ஜோடி செதுக்குவாள். தோலை அதன்மேல் இழுத்து ஆணி அடிக்கிற நாளில் அவருக்குக் காலில் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். நல்ல பூட்ஸ் வேண்டுமானால் பொறுத்துத்தானே ஆகவேண்டும்! பூட்ஸ் போன பிறகும் கட்டைகள் அலமாரியில் இருக்கும். ஆள் ஆற்றில் இறங்கினால் கட்டை நனையும். ஒருமுறை தூசி தட்ட வந்த பெண் தபால்காரரின் கட்டைகளை வாசல் பக்கம் திருப்பி நகர்த்திவிட்டாள். பாவம், அந்த மனிதர் ஞானஸ்நான விருந்தில் கேக் தட்டும் கையுமாக எழுந்து கோழிப்பண்ணை வரை நடந்துவிட்டார். அதிலிருந்து அந்த அலமாரியில் யாரும் கை வைப்பதில்லை.

அவள் கணவன் லைலுக்கு மட்டும் வேலை முடியவே இல்லை. வலது கட்டை தயார். இடது கட்டை, மரம் விழுந்து முறிந்து எலும்பு கூடிய கால் என்பதால் நிதானமாகச் செய்ய வேண்டும் என்று, செதுக்காத வெறும் மரமுண்டாக வருஷக்கணக்கில் மேசைக்கடியில் கிடந்தது. "ஊரான் காலெல்லாம் உன் மடியில, கட்டுனவன் காலு மட்டும் தெருவுல" என்பான் லைல். "கட்டுனவன் எங்கயும் ஓடிட மாட்டானே, அதான்" என்பாள் அவள். அப்படியே நாள் போயிற்று.

காடு பற்றிய அந்தக் கோடையில் லைல், தீயணைப்புப் படைக் கேப்டன் பெர்ஸி, மரவாடிக்காரர்கள் இருவர் என நான்கு பேர் தீயணைப்பு வண்டியில் மலையேறினார்கள். காலை முழுக்க வடக்கிலிருந்து அனல் அடித்தது. தெற்குக் காற்று திரும்பினால் குளிர்ந்துவிடும் என்று ஊரே காத்திருந்தது. அது வீசியதும் எப்போதும் போல ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தது. அறிவு கெட்ட சந்தோஷம் அது. நெருப்பின் நீண்ட பக்கவாட்டுக் கோடு முழுவதையும் அந்தக் காற்று முன்வரிசையாகத் திருப்பி, மலை மேல் ஏற்றிவிட்டது. பெர்ஸியின் மனைவி ஜாஸ்லின் கையில் ரேடியோவோடு பட்டறைக்கு ஓடி வந்தாள். "வண்டிய விட்டுட்டாங்களாம், புகையில கை தெரியலையாம், நோரீன்! அதுக்கப்பறம் ரேடியோவுல சத்தமே இல்ல!" அலமாரியில் நாலு பேரின் கட்டைகளும் சூடேறி வார்னிஷ் நாற்றம் அடித்தது.

நோரீன் அவற்றைத் தரையில் இறக்கினாள். முனையை இந்தப் பக்கம் திருப்பினால் விரல் பொசுங்கியது. அந்தப் பக்கமும் அப்படியே. மேற்கே திருப்பியபோது மட்டும் சூடு கொஞ்சம் தணிந்தது. அங்கே காடு எரிந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். எரிந்து கறுத்த தரையை நெருப்பு மறுபடி தொடாது. இருவரும் மண்டியிட்டுக் கட்டைகளை இடது, வலது என்று மாற்றி மாற்றி மேற்கே நகர்த்தத் தொடங்கினார்கள். மூன்று ஜோடிகள் போயின. லைலின் வலது கட்டை மட்டும் இரண்டு சாண் போய், வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. ஊன்றிய இடது காலைச் சுற்றி அவன் அந்தப் புகையில் வட்டமடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஒருத்தனுக்காக மூணு பேரை நிறுத்தாதடி" என்று ஜாஸ்லின் அழுதாள்.

"யாரு நிறுத்தச் சொன்னா? நீ தள்ளிக்கிட்டே போ. என் ஆள நான் பாத்துக்கறேன்."

மேசைக்கடியிலிருந்து முண்டை இழுத்துத் தொடையிடுக்கில் வைத்து அரத்தை எடுத்தாள். அளவெடுக்கக் கால் இல்லை. கண்ணை மூடி, படுக்கையில் தன் கெண்டைக்காலில் வந்து இடிக்கும் அந்தக் குளிர்ந்த பாதத்தை நினைத்துக்கொண்டாள். குதிகால், வளைவு, எலும்பு கூடிய மேடு. ஒரு இழுப்பு அதிகமானால் மரம் மட்டுமா போகும்? இத்தனை வருஷம் யார் யாருக்கோ உட்கார்ந்து செதுக்கினேனே, இவனுக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே இழைத்தாள். வலது கட்டையின் ஓரம் கருகிப் புகைய ஆரம்பித்தது. அவள் இன்னும் வேகமாக இழுத்தாள். அரம் வழுக்கி, முன்பக்க ஓரத்தில் ஒரு துண்டு தெறித்து விழுந்தது. அதே நொடியில் முண்டு அவள் மடியில் வெதுவெதுப்பாகி, உயிருள்ள கால் போல ஒருதரம் துடித்தது. தெறித்த துண்டைப் பார்க்கவும் நேரமில்லை. இரண்டு கட்டைகளையும் மேற்கே திருப்பி, முழங்கால் தேய, சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். சுவரை முட்டிய இடத்தில் கட்டைகள் மெல்ல ஆறின. ஜாஸ்லின் தள்ளியவையும் அங்கேதான் இருந்தன.

நால்வரும் கறுப்புத் தரையில், முகமெல்லாம் கரியாக, தங்கள் கால்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர்களை ஏற்றிவந்த வண்டிக்காரர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் நோரீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் லைலின் இடது பூட்ஸைக் கழற்றினாள். ரத்தம் இல்லை, காயம் இல்லை, தழும்புகூட இல்லை. சுண்டுவிரல் இருந்த இடம் இழைத்த மரம் போல வழவழவென்று இருந்தது. அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். "விடுடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் லைல்; ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

நகரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இந்த விரல் இல்லை என்று கேட்டார்.

"இன்னிக்கு மத்தியானத்துலேருந்து" என்றான் லைல்.

டாக்டர் அவனைப் பார்த்தார், அவள் மடியெல்லாம் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தார், அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.